விளக்குத் தோலும் எங்கள் வீட்டு மேசையும்

என் வீட்டு மேசையைத் துடைக்கிற தண்ணீர் எதில் செய்தது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்னும் குசுகுசுவென்று பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மாரியம்மன் கோவிலில் எரிந்து முடிந்த எலுமிச்சம்பழ விளக்குகளின் தோலில்தான் செய்கிறேன். ஒளித்து எடுக்கவில்லை. வாளியோடு போய், எல்லோரும் பார்க்கத்தான் எடுக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். மழைக்காலம் வந்தால் மூடுபனி வாசலோடு நிற்காது, உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மரச்சாமானெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். எங்களிடம் அப்படி ஒன்றும் பெரிய சாமான் இல்லை. ஒரு பலாமர மேசை, உட்கார இரண்டு கதிரை, சாமி படம் வைத்திருக்கிற சின்ன அலுமாரி. ஆனால் என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற அறையிலேயே காலம் கழித்தவர். அந்தத் தூள் வேலையோடு நிற்கவில்லை, அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. பூசணம் பட்டால் இழுப்பு வந்துவிடும். ஆகையால் மேசை துடைப்பது எனக்கு அழகு பார்க்கிற வேலை இல்லை, அவர் மூச்சைப் பார்க்கிற வேலை.

கொழும்பில் வேலை செய்கிற மகள் ஒருமுறை டின்னில் அடைத்த பொலிஷ் ஸ்பிரே வாங்கி வந்தாள். அடித்துத் துடைத்ததும் மேசையில் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து ஆவி பிடிக்க வைத்தோம். வீட்டுக்குள் பூசணம் இருக்கக் கூடாது, இந்த மாதிரி ஸ்பிரேயும் அடிக்கக் கூடாது என்றார் டொக்டர். அப்படியென்றால் எதைக் கொண்டு துடைப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்குச் சீட்டு எழுதித் தந்திருக்க மாட்டார்.

வழி காட்டியவள் அம்மன்தான். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ராகு காலம்தான் தோது, மற்ற நாளில் கொழுந்து பறிக்க மலையில் நிற்போம். ஞாயிறு பின்னேரம் பெண்கள் எல்லோரும் கோவிலில் உட்கார்ந்து பழத்தைப் பிழிந்து, தோலை உட்புறம் வெளியே வரத் திருப்பி, எண்ணெய் ஊற்றித் திரி போடுவோம். அன்றைக்கு விளக்கை வைத்துவிட்டுக் கும்பிடக் கையெடுத்தபோது என் விரல்களைப் பார்த்தேன். கொழுந்துக் கறையில் கறுத்த விரல், தோல் பட்ட இடத்தில் மட்டும் வெளுத்திருந்தது. சவர்க்காரத்துக்குப் போகாத கறை. கோவிலுக்குப் பின்னால் போன வாரத் தோல்கள் எறும்பு மொய்த்துக் குவிந்து கிடந்தன. அன்றைக்கு எரிந்து அணைந்ததில் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் தடவை தப்பாய்ப் போனது. கரியும் எண்ணெயுமாக இருந்த தோலை அப்படியே சமையலுக்கு வைத்திருந்த புளிப்புத் தேங்காய் வினாகிரியில் ஊறப் போட்டுவிட்டேன். துடைத்த மேசையில் கறுப்புக் கோடு கோடாக விழுந்து, பிசுபிசுவென்று ஒட்டியது. இப்போது தோலைச் சுடுதண்ணீரில் போட்டு மிதக்கிற எண்ணெயைக் கொட்டி, கரியைச் சிரட்டை ஓட்டால் சுரண்டி, ஒரு வெயில் காய வைத்த பிறகுதான் போத்தலில் அடைக்கிறேன். வினாகிரி தோலை மூடி நிற்க வேண்டும். இரண்டு வாரம் ஊறினால் தேன் நிறத்தில் வரும். வடிகட்டி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, பெரிய போத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்து நன்றாகக் குலுக்கிவிட்டு, பழைய வேட்டித் துணியில் கொஞ்சமாகத் தொட்டு மர ரேகை ஓடுகிற பக்கமே துடைக்க வேண்டும். உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், ஈரம் நின்றால் பூசணத்துக்கு நாமே பாய் விரித்த மாதிரி. வினாகிரி கூடினால் மரம் மங்கிவிடும், என் கதிரை ஒன்றின் கையில் அந்த மங்கல் இன்னும் இருக்கிறது. துடைக்கிற நேரம் அவரை வாசலில் உட்கார வைத்துவிடுவேன். சன்னலைத் திறந்து வைத்தால் வாடை சீக்கிரம் போய்விடும்.

இப்படி நாலைந்து மாதம் போனது. அவருக்கு ஒரு நாளும் இழுப்பு வரவில்லை. அப்புறம்தான் கோவில் தலைவர் கண்ணில் சாக்கு பட்டது.

"என்னாக்கா அது?"

"தோலுங்க தலைவரே. மேச தொடைக்க."

பக்கத்தில் நின்ற ஒருத்தி சிரித்தாள். "ஏன்க்கா, ஒங்க வீட்டு மேச என்னா ஆத்தா ஏறுற தேரா?"

தலைவர் சிரிக்கவில்லை. "ஆளுக்கொரு தோஷத்தக் கழிக்கத்தான் இங்க வந்து வெளக்குப் போடுறாங்க. அதப் பொறுக்கிட்டுப் போயி வீட்டுல வச்சா யாரு தலையில விடியும்? இனிமே தொடாதீங்க."

நான் சாக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். கோவிலில் சொன்ன வார்த்தைக்கு எதிர் வார்த்தை பேசிப் பழக்கமில்லை. வீட்டில் வாங்குகிற ஒன்றிரண்டு பழத்தின் தோல் ஒரு போத்தலுக்குக் காணாது. மிச்சமிருந்த தண்ணீரும் தீர்ந்தது. வெறும் துணியால் துடைத்தேன். பூசணம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் அவருக்கு மறுபடியும் இழுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தியா, தோல் தோஷம் மனுஷனப் புடிச்சிருச்சு." நான் வீட்டுக்குள் போய் சாமி அலுமாரியைச் சுவரை விட்டு இழுத்தேன். பின்பலகை முழுக்க வெள்ளை. தோலை எடுத்ததால் வந்த கேடில்லை, எடுக்காமல் விட்டதால் வந்த கேடு. அம்மன் படத்துக்கு நேரே நின்று, "நான் செய்றது தப்புன்னா என் தலையில போடு தாயே, அவரு நெஞ்சுல போடாத" என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு வாளியைத் தூக்கினேன்.

விளக்கெல்லாம் அணையும் வரை காத்திருந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தேன். தலைவர் பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பூசாரி நல்ல மனிதர்.

"கோவப்படாதீங்கம்மா. செவப்புப் பூவும் வெள்ளப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பாப்போம். வெள்ள வந்தா எடுத்துக்கிட்டுப் போங்க. செவப்பு வந்தா விட்டுருங்க."

மகள் கல்யாணத்தையே பூப் போட்டுப் பார்த்து முடித்தவள் நான். ஆனாலும் அன்றைக்குத் தலையை ஆட்டவில்லை.

"வேணாம் சாமி. தெரியாததத்தான் பூக் கட்டிக் கேக்கணும். அவருக்கு எதனால மூச்சு முட்டுச்சின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சத ஆத்தாகிட்டக் கேட்டா அவளச் சோதிக்கிற மாதிரி ஆயிரும்."

"அப்ப ஊரு தோஷம்?" என்றார் தலைவர்.

"தோஷம் தீரணும்னுதான வெளக்குப் போடுறாங்க? ஆத்தா பாதி வேலையப் பாத்துட்டு மீதியத் தோல்ல விட்டு வச்சிருக்கான்னு சொல்றீங்களா, தலைவரே?"

பூசாரி தீபத்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாய் நீண்டு போச்சு ஒங்களுக்கு" என்றார் தலைவர்.

"அவருக்கு மூச்சு நீண்டாப் போதுங்க."

ஒரு தோல் விடாமல் எடுத்தேன். தலைவர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு விபூதி கொடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னதாகக் கேள்வி. பூசாரி கொடுக்கிறார், நானும் நீட்டி வாங்கிக்கொள்கிறேன்.

அந்தத் தோல் ஊறி வந்ததும் முதலில் சாமி அலுமாரியின் பின்பலகையைத் துடைத்தேன், பிறகு மேசை, பிறகு கதிரைகள். ஈரமெல்லாம் ஒற்றி, வாடை போன பிறகு அவரை உள்ளே கூப்பிட்டேன். அவர் மேசையில் கன்னத்தை வைத்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். விசில் சத்தம் வரவில்லை.

"தோஷ வாடை ஒன்னும் வரலயேடி" என்றார். "எலுமிச்சம்பழச் சோறு வாசந்தான் வருது. பசிக்குது, சோத்தப் போடு."

அந்த மேசையிலேயே போட்டேன்.