பூட்டிய போனும் வந்திருந்த அப்பாவும்

அன்று பள்ளிக்கூட அதிபர் அறையில் இருந்தவர்கள்: அதிபர், ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர், பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள், நான், என் புருஷனாக வந்திருந்த, தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெரியவர். மேசைக்கு நடுவில் மகளுடைய போன். ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் பாதிப் பள்ளிக்கூடத்தை எழுத வேண்டும்.

பயப்படுவது என் தொழில். கொழுந்து பறிப்பது அதற்கு அடுத்தபடிதான். விடாமல் மழை பெய்தால், மண்சரிவில் லயங்கள் புதைந்த மீரியபெத்த ஞாபகம் வந்து, பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கிற மலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் அடித்தால் குளவி கலைந்து கொட்டும் என்று பயம். இரண்டும் இல்லாமல் நல்ல நாளாக இருந்தால், ஹாலிஎலயிலிருந்து வரும் பஸ் எங்காவது கவிழ்ந்திருக்குமோ என்று தோன்றும். என் மகள் பஸ்ஸில் போவதே இல்லை, நடந்துதான் போகிறாள். அது தெரிந்தும் தோன்றும்.

அதனால்தான் கொழும்பில் இரும்புக் கடையில் வேலை செய்யும் என் கணவர் பழைய போன் ஒன்றை வாங்கி அனுப்பியதும், அதைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் போனுக்குத் தடை என்று எனக்குத் தெரியும். புத்தகப் பைக்கு அடியில், சோற்றுப் பொட்டலத்துக்குக் கீழே வை, சத்தத்தை நிறுத்திவிடு, இடைவேளையில் ஒரு வார்த்தை அனுப்பினால் போதும் என்றேன். அவளுக்குத் துளியும் விருப்பம் இல்லை.

"ஸ்கூல்ல ஒரு பக்கம் செக் பண்றாங்க, நீங்க ஒரு பக்கம் செக் பண்றீங்க. நான் எந்தப் பக்கம்மா மூச்சு விடுறது?" என்று கேட்டாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. வாசலில் பை சோதனை. உள்ளே போனால் ரிப்பன் பட்டையா மெல்லிசா என்று பார்க்க மாணவத் தலைவிகள். பெண் பிள்ளைகள் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று கழிப்பறைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த கேமரா ஒன்று இருந்தது. அதைக் குழாயடியைப் பார்த்து மாட்டியிருந்தார்கள். எந்தப் பிள்ளை எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பது வரைக்கும் அதிபருக்குத் தெரியும்.

அவ்வளவு காவலுக்கு நடுவில் போன் மாட்டியதற்குக் காரணம் நான். அன்றைக்கு நமுனுகுல மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, அவளுக்குப் போன் போட்டுவிட்டேன். அவள் சத்தத்தை நிறுத்த மறந்திருந்தாள். விஞ்ஞான பாடத்துக்கு நடுவில் பைக்குள்ளிருந்து நாதஸ்வரம் கேட்டதாம். அது நான் வைத்துக்கொடுத்த மணி. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவளுக்குக் கேட்க வேண்டும் என்று வைத்தது.

ஒழுக்காற்று ஆசிரியர் போனைப் பறித்துப் பார்த்தபோது "அம்மா" என்று காட்டியிருக்கிறது. அதை அவர் நம்பவில்லை. இந்தக் காலத்தில் பையன்களின் நம்பரையெல்லாம் அம்மா என்றுதான் சேமிக்கிறார்கள் என்று சொல்லி, பூட்டைத் திறந்து காட்டு, உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டும் என்றிருக்கிறார். இவள் முடியாது என்றிருக்கிறாள். நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, இல்லாவிட்டால் பரீட்சை வரைக்கும் வகுப்புப் பக்கம் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். யார் யார் அழைப்பு எடுக்கிறார்கள் பார்க்கலாம் என்று போனை அணைக்காமல் அலுவலகத்திலேயே சார்ஜில் போட்டு வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை. போன் ரிப்பேர், கூட்டாளி வீட்டில் கொடுத்திருக்கிறேன் என்றாள். சொன்னால் நான் பயத்தில் படுத்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். நினைத்ததில் தப்பில்லை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும். மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வது எப்போதும் காலை நேரத்தில்தான். எனவே அப்பா வர முடியாத பிள்ளைகள் பக்கத்து லயத்துப் பெரியவரிடம் போவார்கள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சலவை செய்த வெள்ளைச் சட்டை ஒன்று வைத்திருந்தார். முதல் நாள் மாலை சொல்லிவிட்டால் தலைக்கு மை பூசிக்கொண்டு தயாராக இருப்பார். ஒரு பிளேன்டீ, நனைத்துத் தின்ன ஒரு பணிஸ், அவ்வளவுதான் கூலி. அதிபர் திட்டுகிறபோது பிள்ளையைத் தானும் நாலு வார்த்தை திட்டுவார். அதற்குத் தனியாக ஒன்றும் வாங்குவதில்லை.

மறுநாள் நான் மலையில் நின்றபோது அடுத்த நிரையில் அவர் மனைவி பறித்துக்கொண்டிருந்தார். பாதிக் கூடை நிறைந்திருக்கும். அந்தம்மா சாதாரணமாகச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு உங்க வீட்டுக்காரரா போயிருக்காரு புள்ள."

அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பாடப் புத்தகத்தைத் தொலைத்ததற்காக என்னையும் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்பா ஒரு நாள் பேரை விடத் தயாராக இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன், பிறகு தம்பியைப் பார்த்துக்கொண்டேன், பிறகு கொழுந்துக்குப் போனேன். யாரும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை. அப்படியே நின்றுபோயிற்று. அந்தக் காலத்தில் பக்கத்து லயத்துப் பெரியவருக்கு இந்த யோசனை வந்திருக்கவில்லை.

கங்காணியிடம் சொல்லிவிட்டு, அரைப் பேரோடு இறங்கி ஓடினேன். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு நின்ற பையன் அதைப் பார்த்துச் சோதனை போடாமலே விட்டுவிட்டான்.

அதிபர் அறைக்குள் நுழைந்ததும், உங்கள் வீட்டுக்காரர் வந்திருக்கிறார், நீங்களும் வந்தது நல்லது என்றார் அதிபர். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். காதோரம் மை வழிந்திருந்தது. அவர் எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்து, பழக்கதோஷத்தில் கும்பிடும் போட்டார். பெண்டாட்டியை இவ்வளவு மரியாதையாக நடத்தும் மனிதரை அதிபர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். மகள் என்னைப் பார்த்த பார்வையில், பேசிவிடாதீர்கள் என்று எழுதியிருந்தது. நான் உட்கார்ந்தேன்.

அதிபர் நல்ல மனிதர்தான். காலம் கெட்டுக் கிடக்கிறது, பிள்ளைகளைக் காப்பாற்றத்தானே இவ்வளவும் செய்கிறோம் என்று விளக்கினார். ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லுங்கள், ஒன்றும் இல்லாவிட்டால் இப்போதே வகுப்புக்குப் போகட்டும், திறக்காவிட்டால் சேர்க்க முடியாது என்றார். வெள்ளைச் சட்டை உடனே, திற, சேர் சொல்வது காதில் விழவில்லையா என்று மகளை அதட்டியது. வாங்கிய பணிஸுக்கு வஞ்சகம் இல்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தப் போனுக்குள் பார்க்க வேண்டும் என்று பல மாதமாக ஆசை. அதிபர் செலவிலேயே பார்த்துவிடலாமே என்று ஒரு நிமிஷம் மனம் போயிற்று. மகளிடம் குனிந்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் மெதுவாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னாள். "போன் கொண்டு வந்தது தப்பு. வச்சுக்கோங்க சேர், வருஷக் கடைசியில குடுங்க. பையைத் தேடுங்க. உள்ள இருக்கிறது நானும் என் கூட்டாளிகளும் பேசினது. அதுல அவங்க வீட்டுக் கதையும் இருக்கு. அவங்களக் கேக்காம நான் எப்படித் தொறக்கிறது?"

அந்த வயதில் நான் ஒரு புத்தகத்துக்காகக்கூட இப்படி வாய் திறக்கவில்லை. பயம் எங்கும் போய்விடவில்லை. அதையும் வைத்துக்கொண்டே சொன்னேன். "தொறக்க வேணாம் சேர். போன வச்சுக்கிட்டு பிள்ளைய வகுப்புக்கு அனுப்புங்க. அவ நாளைக்கு வருவா, நாளன்னைக்கும் வருவா. நிப்பாட்டுறதா இருந்தா எழுத்துல குடுங்க, வலயக் கல்விக் காரியாலயத்துக்குக் கொண்டு போறேன்."

வலயக் கல்விக் காரியாலயம் பதுளையில் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அதிபர் பேனாவை எடுத்தார், வைத்தார். அந்த நேரம் பார்த்து மேசையில் நாதஸ்வரம் கேட்டது. எல்லோரும் குனிந்தோம். "அப்பா" என்று எரிந்தது. கடையில் கூட்டம் இல்லாத வேளைகளில் என் கணவர் இப்படித்தான் அவளுக்கு அழைப்பு எடுப்பார்.

ஒழுக்காற்று ஆசிரியரின் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா இதோ உட்கார்ந்திருக்கிறார், அப்படியானால் இது யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்பா என்று பேர் வைத்துக்கொண்டு திரியும் பையனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற வேகத்தில் பச்சையை இழுத்து, ஸ்பீக்கரையும் அமுக்கி, "யாருடா நீ?" என்றார்.

கொழும்பு இரைச்சலுக்கு நடுவிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "எம்மக போன்ல 'டா' போடுற நீ யாருடா?"

இரும்புக் கடைக் குரல் அது. வெளியே நின்ற பிள்ளைகளே ஒரு அடி பின்வாங்கினார்கள். ஆசிரியரின் கையிலிருந்து போன் துள்ளி, மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, சிமெண்ட் தரையில் முகம் குப்புற விழுந்தது. மகள் எடுத்துத் திருப்பினாள். சிலந்தி வலை மாதிரி கோடுகள், அதற்குப் பின்னால் வெறும் கறுப்பு. அன்றைக்கு யார் நினைத்தாலும் திறக்க முடியாது.

அதிபர் என்னைப் பார்த்தார். பேசினது யார் என்று கேட்டார். பொய் சொன்னால் மகளுக்கு இல்லாத பையன் ஒருவன் உண்டாகிவிடுவான். அவள் அப்பாதான் என்று சொன்னேன். அப்படியென்றால் இவர் யார் என்றார். பெரியவர் எழுந்து நின்று, பக்கத்து லயம் என்று முகவரி கொடுத்தார்.

"போன மாசம் எட்டாம் வகுப்புப் பையனுக்கும் நீங்கதானே வந்தீங்க? உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?" என்றார் அதிபர்.

"இந்த ஸ்கூல்லயா சேர்?"

அதிபர் அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. திரும்பி வந்தபோது முகத்தைச் சரிசெய்துகொண்டு, ஏன் இப்படி என்று கேட்டார். பேர் விஷயத்தை நான் சொன்னேன். பாதிதான் ஒழுங்காகச் சொன்னேன், மீதி அழுகையாகப் போயிற்று. மகள் அன்றே வகுப்புக்குப் போனாள். பெற்றோரைக் கூப்பிட்டால் மாலையில் கொழுந்தை எடை போட்ட பிறகு வந்தால் போதும் என்று மறு வாரம் அறிவித்தல் ஒட்டினார்கள். போன் கொண்டு வருகிறவர்கள் காலையில் அலுவலகத்தில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு, போகும்போது எடுத்துக்கொள்ளலாம். யாரும் திறந்து பார்ப்பதில்லை. குழாயடிக் கேமரா மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. பெரியவருக்குத் தொழில் விழுந்துபோனதில் வருத்தம்தான்.

திரையைப் பதுளையில் மாற்றினோம். மகள் வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் திறந்து, பார்க்க ஆசையாக இருந்தால் பாருங்கள் என்று என் கையில் கொடுத்தாள். வாங்கிப் பார்த்தேன். மேலேயே என் செய்திகள்தான். வந்துட்டியா, சாப்பிட்டியா, ஏன் பதில் இல்லை, எங்கே இருக்கே, மழை வருது, எங்கே இருக்கே. படிக்கப் படிக்க எனக்கே மூச்சு முட்டியது. அதற்குக் கீழே போகாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

திரைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆயிற்று. கீழே போட்டவர் தருவது என்று அதிபர் முன்னிலையில் முடிவானது. ஒழுக்காற்று ஆசிரியர் அந்த மாதச் சம்பளத்தில் மூவாயிரம் தந்தார், அடுத்த மாதம் இரண்டாயிரம். அதற்குப் பிறகு ஹாலிஎல சந்தையில் என்னைக் கண்டால் கத்தரிக்காயை மிகக் கவனமாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். கேட்கலாமா, கேட்டால் கோபத்தைப் பிள்ளை மேல் காட்டுவாரோ, கேட்காவிட்டால் மறந்தே போவாரோ என்று நான் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன். ஆசிரியர் இன்னும் தர வேண்டியது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.