வானொலி அக்காவின் துணிக்கொடி

என் அக்கா உள்ளூர் வானொலியில் காலையில் வானிலை அறிக்கை வாசிப்பவள். மழை பெய்தால் ஊரே அவளைத் திட்டும். பெய்யாவிட்டாலும் திட்டும். ஒருமுறை பேருந்தில் முன்பின் தெரியாத அம்மாள் ஒருத்தி, "நேத்து உன்னால என் மொளகாயெல்லாம் நனைஞ்சு போச்சு" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அக்காவும் சளைத்தவளில்லை. "எழுதிக் குடுக்கறத வாசிக்கறேன்மா, மேகத்த நான் என்ன கயிறு கட்டியா இழுத்துட்டு வரேன்?" என்று திருப்பிக் கேட்டாள்.

வாசிப்பதோடு விடுகிற ஆளும் இல்லை அவள். வானிலை அலுவலகத்துக்காரர்களைத் தொணதொணத்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்வாள். தெரிந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் சாப்பிடும்போது அத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"தரை சூடானா ஈரக்காத்து மேல போகும். மேல போகப் போகக் குளிரும். அப்ப அதுல இருக்கற ஆவி, காத்துல மிதக்கற தூசியப் புடிச்சிக்கிட்டுத் துளியாயிடும். அந்தத் துளியெல்லாம் சேர்ந்ததுதான் மேகம். தூசி இல்லாம மேகமே கெடையாது, தெரியுமா?"

"அப்படின்னா நம்ம வீட்டுக்குள்ளயே மழை பெய்யணுமே" என்றார் அத்தான், அலமாரியைப் பார்த்தபடி. பிறகு ரசத்தில் உப்பு குறைவு என்றார்.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அடுத்தவர் பார்வையைச் சரிசெய்வதில் கெட்டிக்காரர். காது விஷயத்தில்தான் கொஞ்சம் முன்னே பின்னே.

தெருக்காரர்களுக்கு வேறொரு சிக்கல். அறிக்கையில் எப்போதும் 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்றுதான் வரும். அந்த ஓரிரு இடத்தில் நம் தெரு சேர்த்தியா இல்லையா? இதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்கா வீட்டு மாடியில் துணி காய்ந்தால் வெயில், கொடி காலியாக இருந்தால் மழை. வாசிக்கிறவளுக்குத் தெரியாததா என்ன! அக்காவுக்கு இது தெரியவே தெரியாது. தன் குரலைக் கேட்டுத்தான் தெரு நடக்கிறது என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு மெக்கானிக் தன் வீட்டின் மேல் மாடி கட்டிக்கொண்டிருந்தார். தளத்துக்குக் காங்கிரீட் போட வேண்டிய நாள் வந்தது. அன்று காலை அக்கா வானொலியில், பிற்பகலில் இடியுடன் கனமழைக்கு வாய்ப்பு என்று நிறுத்தி நிதானமாக வாசித்தாள். மேஸ்திரி தயங்கினார். மெக்கானிக் எதிர்மாடியை நிமிர்ந்து பார்த்தார். கொடி நிறையத் துணி. போதாக்குறைக்கு இரண்டு படுக்கை விரிப்புகள்.

"அந்தம்மா வீட்லயே பெட்ஷீட் காயுது. நீ கொட்டுய்யா!"

அத்தான் கல்யாணமான நாளிலிருந்து துணி உலர்த்தியதில்லை. அன்றைக்கென்று பார்த்து அவருக்குப் பொறுப்பு வந்து தொலைத்திருந்தது.

மதியம் அக்கா வேலை முடிந்து தெருமுனையில் இறங்கும்போது மேகம் கருகருவென்று ஏறி வந்துகொண்டிருந்தது. எதிர்மாடியில் ஈரக் காங்கிரீட். தன் மாடியில் தன் படுக்கை விரிப்பு. அவள் போட்ட கூச்சலில் பாதித் தெரு தார்ப்பாயோடு மாடியேறியது. தளம் தப்பியது. ஒரு மூலையில் மட்டும் மழை குத்திக் குத்திப் பள்ளமாகி, அதைக் கொத்தி மறுபடி போட வேண்டியதாயிற்று.

"ஏன் தங்கச்சி இப்படிப் பண்ணீங்க? உங்க கொடியப் பாத்துத்தானே ஆரம்பிச்சோம்" என்றார் மெக்கானிக்.

"காலைல ரேடியோல சொன்னேனே!"

"அது வேலைக்காகச் சொல்றது. வீட்ல செய்யறதுதானே நெசம்?"

அக்கா நொந்து போய்விட்டாள். வீட்டுக்கு வந்து, "நீங்களாவது கேட்டிருக்கக் கூடாதா?" என்று அத்தானிடம் கேட்டாள்.

"நான் பாட்டு ஸ்டேஷன்ல வெச்சிருந்தேன். உன் கொரலத்தான் வீட்ல நாள் பூரா கேக்கறேனே, ரேடியோலயும் எதுக்கு?" என்றார் அவர், வேடிக்கை என்று நினைத்து. அக்கா அன்று சமையலறையில் நின்று அழுதாள். ஊர் திட்டியதற்கெல்லாம் அழாதவள்.

மறு வாரம் ஒரு காலை. 'மாலையில் ஓரிரு இடங்களில் மழை' என்று முடித்தவள், தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். "நேயர்கள் எங்கள் வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அதில் துணி போடுபவர் இந்த நிகழ்ச்சியைக் கேட்பதில்லை."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா வீட்டுக் கொடியைத் தவிர தெருவில் எல்லாக் கொடியும் காலியானது. அத்தானின் கடைக்கு அன்று கண்ணாடி வாங்க வந்தவர்களைவிட அவர் முகத்தைப் பார்க்க வந்தவர்களே அதிகம். வந்த ஒருவராவது மழை வரும் என்று சொல்ல வேண்டுமே! அவருக்குத்தான் தெரிந்திருக்குமே என்று விட்டுவிட்டார்கள். சாயங்காலம் பிடித்த மழையில், காலையில் அவரே கொடியில் போட்டுவிட்டுப் போயிருந்த சட்டை, பேன்ட் அத்தனையும் தொப்பலாயின. வீட்டுக்கு வந்திருந்த அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஏதோ கேட்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தான் ஈரம் காயாத பேன்ட்டோடு வானொலிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினார்.

"ச்சூ, சும்மா இரு. அவ பேசறா."