அண்ணியிடம் சொன்ன பொய்

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பாண்டிப் பக்கம், பாகூரை ஒட்டிய ஊர். வீட்டில் அம்மாவும் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அம்மாவுக்கு முட்டி வலி. அதனால் ஆஸ்பத்திரிப் பையை அண்ணிதான் தயார் செய்தார்.

அண்ணனின் பழைய வேட்டிகளைச் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டார். ஃபிளாஸ்க், பிளாஸ்டிக் மக்கு, எனக்கு இரண்டு நைட்டி, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் ஜெராக்ஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். என்னென்ன வேண்டும் என்று யாரையும் அவர் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு தனக்காக அவர் இப்படி ஒரு பை கட்டியிருந்தார். எட்டாம் மாதத்திலேயே குழந்தை வயிற்றில் இறந்துபோனது.

"நான் கூட வரேன்டி. அத்தையால நிக்க முடியாது" என்றார் ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டே. பக்கத்து கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை அவருக்கு. லீவு கிடைப்பது கஷ்டம்.

அன்று காலைதான் எதிர்வீட்டு அக்கா என்னிடம், "மொதல்ல புள்ளைய வாங்குற கை நல்ல கையா இருக்கணும், பாத்துக்கோ" என்று சொல்லியிருந்தாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் மேல் பழி போட மாட்டேன். அவள் சொல்வதற்கு முன்பே அந்தப் பயம் எனக்குள் இருந்தது.

"இல்ல அண்ணி, அம்மாவ மட்டும்தான் உள்ள உடுவாங்களாம். ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க" என்றேன்.

"அப்படியா? என் நேரத்துல அப்படி இல்லியே" என்றவர், மடித்த துணியைப் பையில் வைத்தார்.

நான்கு நாள் கழித்து, ஊரில் வீடு வீடாக வரும் நர்ஸம்மா பிரஷர் பார்க்க வந்தார். அம்மா, அண்ணி, நான் மூவரும் கூடத்தில் இருந்தோம்.

"கூட யாரு வராங்க?" என்று கேட்டார். அம்மா தன்னைக் காட்டினாள்.

"நீயா? உன் காலு இருக்குற இருப்புக்கா? இதோ அண்ணிக்காரி இருக்காளே, அவள இட்டுகினு போம்மா."

"அம்மாவத் தவிர யாரையும் உட மாட்டாங்கன்னு..." அம்மா இழுத்தாள். அவளிடமும் அதையே சொல்லியிருந்தேன்.

"யாரு சொன்னது? பொம்பள ஆளா ஒருத்தர் இருந்தா போதும்."

நான் பிரஷர் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் குரல்தான் கேட்டது. "கம்பெனில லீவு சொல்லி வெச்சிருந்தேன். பரவால்ல, வேணாம்னு சொல்லிக்கிறேன்." எழுந்து அடுப்படிக்குப் போனார். அன்று இரவுச் சோறும் அவர்தான் போட்டார். வழக்கம்போல எனக்கு மட்டும் தனியாக, காரம் குறைத்த குழம்பு.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் வலி வந்தது. அண்ணி வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் ஆட்டோ பிடித்து என்னையும் அம்மாவையும் பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். சீட்டு வாங்க நின்றதிலும் மாடி ஏறியதிலும், மதியத்துக்குள் அம்மாவின் கால் வீங்கிவிட்டது. அவளே அண்ணிக்குப் போன் செய்தாள்.

அண்ணி கம்பெனிக் கோட்டோடு பஸ் பிடித்து வந்தார். பிரசவ அறைக்குள் என் இடுப்பைத் தேய்த்துவிட்டார், தண்ணீரால் என் வாயை நனைத்தார். வலி ஏறும்போது, "என் கையப் புடி, நல்லா அழுத்து" என்றார். அவர் மணிக்கட்டில் என் நகம் கீறிய ரத்தத்தைப் பார்த்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பெண் குழந்தை. துடைத்து, துணியில் சுற்றி, அண்ணியிடம்தான் கொடுத்தார்கள். இதை எழுதக் கூசுகிறது. அந்த நொடியிலும் என் மனம் 'ஐயோ, இவர் கையிலா' என்றுதான் நினைத்தது.

அண்ணி குழந்தையைக் கொஞ்சவில்லை. முத்தம் கொடுக்கவில்லை. நெஞ்சுப் பக்கம் துணியை லேசாக விலக்கி, அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். எனக்குப் பதறியது.

"இன்னா அண்ணி? இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மூச்சு உடறாளான்னு பாத்துகினு இருந்தேன்" என்றார். பிறகு, "உடறாடி, நல்லா உடறா" என்று சொல்லிக் குழந்தையை என் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்ல வெளியே போனார்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், அவர் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"பச்ச உடம்பு, தண்ணில நிக்காத. உள்ள போ" என்றார், நிமிராமல்.

எனக்கு அது வசதியாக இருந்தது. உள்ளே போய்விட்டேன். மகளுக்கு இப்போது நான்கு வயது. அண்ணிக்கு அதன்பிறகும் குழந்தை தங்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் மகள் அவர் மடியை விட்டு இறங்குவதில்லை. நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.