பேரிலேயே பூச்சி

கடைப் பெயர்ப்பலகை ஒன்று கண்ணில் பட்டால் போதும், டாட்காம் நடுத்தெருவில் நின்றுவிடுவார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி, பல் டாக்டர் சொத்தையைப் பார்ப்பது போலப் பார்ப்பார். "வானவில்லாம்! உள்ள போனா செருப்பு விக்கிறான். செருப்பு வேணும்கிறவன் எதுக்குய்யா வானவில்லுன்னு தேடப்போறான்?" பின்னால் வரும் வண்டிக்காரர்கள் திட்டிவிட்டு விலகிப் போவார்கள். அதெல்லாம் அவர் காதில் ஏறாது.

சலவைக்கடைக்கு மேலே, இஸ்திரிச் சூடு ஏறிக்கிடக்கும் அறைதான் அவருடைய அலுவலகம். சின்னக் கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்துகொடுத்து, அதற்கு முகவரியும் பதிந்து தருகிறார். அதனால் ஊருக்கே அவர் டாட்காம்; பெற்றவர்கள் வைத்த பெயர் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் அவருக்கே நினைவுக்கு வரும். வேதவாக்கு ஒன்றே ஒன்று: "பேர்லயே தொழில் இருக்கணும். தேடுறவன் என்ன தட்டுறானோ அதுவே முகவரி. முதல் பக்கத்துல தானா வந்து உக்காரும்." அவரை நம்பிய குடை ரிப்பேர்காரரின் விசிட்டிங் கார்டில் இணைய முகவரி முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் முடிகிறது. வீட்டுச் சமையலறை டப்பாக்களில்கூட 'சர்க்கரை-வெள்ளை-நைசு-டீக்கு' என்று ஒட்டிவைத்திருக்கிறார். "இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிடுதுங்க" என்பது மனைவியின் நிரந்தரப் புகார்.

இந்த ஞானம் சும்மா வந்ததில்லை. வெகுகாலத்துக்கு முன்பு, தண்ணீர்த்தொட்டி கழுவும் ஒருவருக்கு அந்த வேலையின் பெயரிலேயே முகவரி வாங்கிக்கொடுத்தார். கொஞ்ச நாளில் தேடலில் அதுதான் முதலிடம். அப்போது அது பலித்தது, உண்மைதான். பிறகு கண்டவனும் அதே தந்திரத்தைச் செய்யக் கிளம்பவும், தேடுபொறிக்காரர்கள் உஷாரானார்கள். வாசல் பலகைக்கு மயங்குவதைக் குறைத்துக்கொண்டு, உள்ளே சரக்கு இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். டாட்காம் அந்தச் செய்தியைப் படித்தார், நம்பவில்லை. என்றோ விழுந்த பனம்பழத்தின் ருசியில் இன்னும் அதே மரத்தில் உட்கார்ந்திருக்கிற காக்கை அவர்.

ஊரார் தலையில் கட்டியவரை எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. தங்கை தலையில் கட்டியபோது வினை பிடித்தது.

தங்கை ஒரு பெரிய விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்பவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். விடுதியை இழுத்து மூடிவிட்டார்கள். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். தெரிந்த வேலையையே தொழிலாக்கலாம் என்று ஒரு பழைய வேனும் நீராவி இயந்திரமும் வாங்கி, மெத்தைகளில் மூட்டைப்பூச்சி ஒழிக்கக் கிளம்பினார்.

"நிம்மதின்னு பேர் வைக்கலாம்னு இருக்கேண்ணா."

"நிம்மதியா? தியான வகுப்பா நடத்தப்போற? பேசாம இரு, நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்டதன் விளைவு: 'மூட்டைப்பூச்சி-ஒழிப்பு-மலிவு-உடனடி-வீட்டுக்கே டாட் காம்'. வேனின் பக்கவாட்டில் ஓட்டுநர் கதவில் தொடங்கிய பெயர், பின்சக்கரத்தைத் தாண்டியும் மூச்சுவிடாமல் ஓடியது. தொலைபேசியில் அதைச் சொல்வது தனிப் பாடு. "இங்கிலீஷ்ல மூட்டைக்கு ரெண்டு ஓ, பூச்சிக்கும் ரெண்டு ஓ, அப்புறம் ஒரு கோடு..." என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தபோது, "இருங்க, பேனா எடுத்துட்டு வரேன்" என்று போன ஒருவர் போனவர்தான்.

தேடலில் அது நாலாம் பக்கத்தில் கிடந்தது. முதல் பக்கத்தில், முதல் இடத்தில், 'குறட்டை' என்றொரு கம்பெனி.

டாட்காமுக்கு ரத்தம் கொதித்தது. "குறட்டையில பூச்சி எங்கடி இருக்கு? மூக்குக்குள்ளயா?"

"உள்ள போய்ப் பாருண்ணா. கடிச்சது கொசுவா பூச்சியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, கைக்குழந்தை இருக்கிற வீட்டுல என்ன செய்யணும், எல்லாம் எழுதியிருக்கான். நல்லாத் தூங்கினவங்க நன்றி சொல்லியிருக்காங்க. நம்மளதைத் திறந்தா, முகவரியையே பெரிசா மறுபடி எழுதி வச்சிருக்க."

"ஒரு கோடு கூடிப்போச்சு, அதான்" என்றார் டாட்காம்.

தங்கை அவரிடம் மல்லுக்கட்டவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு உட்கார்ந்து, விடுதியில் கண்டதையும் கற்றதையும் தானே எழுதினார். நாலாம் பக்கம் மூன்றானது, மூன்று இரண்டானது, கடைசியில் முதல் பக்கத்தின் அடியில் வந்து ஒட்டிக்கொண்டது. "பாத்தியா, பேரு வேலை செய்யுது!" என்று டாட்காம் சலவைக்கடைக்காரருக்கு டீ வாங்கிக்கொடுத்தார்.

அழைப்புகள் வந்தன. ஆனால் எல்லாரும் கிசுகிசுத்தார்கள். "வேனைத் தெருமுனையிலயே விட்டுட்டு வாங்க. அக்கம்பக்கம் ஒரு மாதிரி." சிலர் வாசலில் வேனைக் கண்டதுமே முகம் வெளுத்து, "இங்க இல்லைங்க, எதிர் வீடா இருக்கும்" என்று கதவைச் சாத்தினார்கள். தங்கை இயந்திரத்தைத் தெருமுனையிலிருந்து இழுத்து இழுத்தே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பேரை மாத்திரலாம்ணா. முடியல."

"மாத்தினா ஏறினதெல்லாம் இறங்கிடும். பூச்சி என்ன கொலைக்குத்தமா? எதுக்கு வெக்கம்?"

அந்த வாரம்தான் டாட்காம் யாரோ கழித்துவிட்ட சோபா ஒன்றை மலிவு என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். சோபா தனியாக வரவில்லை. இரண்டு நாளில் கணவனும் மனைவியும் முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். "தங்கச்சியைக் கூப்பிடுங்க" என்றார் மனைவி.

டாட்காம் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, போனில் பேசினார். "வேனை வாசலுக்குக் கொண்டுவராத. அப்படி ஓரமா நிறுத்திட்டு நடந்து வா."

"எந்த ஓரம்ணா?"

"பேரு தெரியாத ஓரம்."

"சரிண்ணா" என்றார் தங்கை, மிகவும் பணிவாக.

வேன் நேராக வாசலுக்கு வந்து நின்றது. வந்ததும் இல்லாமல், நீளமாக இரண்டு முறை ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். டாட்காம் வெறுங்காலோடு ஓடிவந்தார்.

"எடு, எடு! வண்டியை எடு!"

"இயந்திரம் கனம்ணா. இறக்கிட்டு எடுக்கிறேன்."

"சரி, பேரை மாத்திக்க! நிம்மதியோ கிம்மதியோ, என்ன வேணா வச்சுக்க!"

"நிம்மதி போதும்ணா." தங்கை இயந்திரத்தின் குழாயை ஒவ்வொரு சுற்றாக, அவசரமே இல்லாமல் பிரிக்க ஆரம்பித்தார்.

டாட்காம் உள்ளே பாய்ந்து கையில் அகப்பட்ட போர்வையை உருவிக்கொண்டு வந்தார். "ஐயோ, பூச்சி இருக்கிறதே அதுலதாங்க!" என்று மனைவி பின்னாலேயே கத்தினார். அவர் போர்வையை வேனின் பக்கவாட்டில் விரித்துப் பிடித்தார். மூட்டைப்பூச்சியும் ஒழிப்பும் மறைந்தன. போர்வை அதோடு தீர்ந்துபோயிற்று. மிச்சம் 'மலிவு-உடனடி-வீட்டுக்கே' என்று வெயிலில் பளபளத்தது. மாடிக்காரரின் புருவம் உயர்ந்தது. டாட்காம் ஒரு கணம் அதைப் பூச்சி இல்லாமல் படித்தார். மறுகணம் முதுகை வேனில் அப்பி, மூன்று சொற்களையும் மறைக்கும் அளவுக்குக் கால்களை அகட்டி, ஒரு கையால் போர்வையின் நுனியை எட்டிப் பிடித்துக்கொண்டு மாடியைப் பார்த்துச் சிரித்தார். மற்றொரு கை தன்போக்கில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.