ஏழாம் நம்பர் வால்வின் வேட்பாளர்

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் அத்தான், நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வால்வு திறந்தவர். சைக்கிளில் நீளமான இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு போய் ஒரு வால்வைத் திறப்பார், அடுத்ததை மூடுவார். தெருப் பெயரெல்லாம் அவருக்கு நாக்கில் நிற்காது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே அப்பாவிடம், "நீங்க நாலாம் நம்பர் வால்வாச்சே, பிரஷருக்குக் குறைவிருக்காதே" என்று கேட்ட மனிதர்.

ஓய்வு பெற்ற மறுமாதமே கவுன்சிலர் தேர்தல் வந்தது. நிற்கப்போவதாகச் சொன்னார். பதவி ஆசை இல்லை. ஏழாம் நம்பர் வால்வின் கோடியில் கடைசித் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே குழாய் துருப்பிடித்து, தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். புது லைன் கேட்டு அத்தான் எழுதிய மனுக்கள் அலுவலகத்தில் தூங்கின. பொறுக்க முடியாமல், நகராட்சித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்களின் ஆறாம் நம்பர் வால்வைத் தினமும் பத்து நிமிஷம் முன்னாலேயே மூடி, அந்தத் தண்ணீரைக் கடைசித் தெருவுக்குத் தள்ளிவிடுவார். யாரும் செய்யச் சொல்லாத, மேலே யாரிடமும் சொல்லாத வேலை. ஓய்வு பெறும்போது அடுத்து வந்த ஆளுக்கும் அதையே பழக்கிவிட்டு வந்தார். கவுன்சிலராகிவிட்டால் புது லைனே வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

சின்னமாகக் குழாய் கேட்டார், குடை கொடுத்தார்கள். வாக்காளர் பட்டியலை வாங்கி வந்து பிரிக்காமலே பீரோ மேல் போட்டார். "எனக்குத் தெரியாத வீடா?" என்றார். நோட்டீஸ் கட்டோடு நான் பின்னால் போனேன். ஒவ்வொரு வாசலிலும் கைகூப்புவார், ஓட்டுக் கேட்க வாயைத் திறப்பார், "தண்ணி எப்படி வருது?" என்றுதான் வார்த்தை வரும். அப்புறம் மண்டியிட்டு மீட்டரைக் குடைய ஆரம்பித்துவிடுவார். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம். இருந்தாலும் கடைசித் தெருவில் அத்தனை பேரும் எங்கள் ஓட்டு உங்களுக்குத்தான் என்றார்கள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, ஓட்டுச் சிலிப் எழுதப் பட்டியலைப் பிரித்தேன். முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை புரட்டினேன்.

"அத்தான், இதுல கடைசித் தெருவே இல்லையே?"

"நல்லாப் பாருப்பா. ஏழாம் நம்பர் வால்வு முழுக்க நம்ம வார்டுதானே?"

வார்டை வால்வு வைத்துப் பிரிப்பதில்லை என்பது அந்த நிமிஷம்வரை அவருக்குத் தெரியாது. கடைசித் தெரு அடுத்த வார்டு. எங்கள் வார்டில் முக்கால்வாசி, ஓட்டுக் கேட்டு அவர் எட்டிக்கூடப் பார்க்காத, ஆறாம் நம்பர் வால்வின் தொட்டித் தெருக்கள்.

"தரைக்கு அடியிலேயே ஊரைப் பாத்த மனுஷன், மேல இருக்கறது எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா. சிரித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் தொட்டித் தெருவுக்கு ஓடினோம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து நிதானமாகக் கேட்டார்.

"தினமும் பத்து நிமிஷம் முன்னாடியே எங்க தண்ணிய நிறுத்தினது நீங்கதானே சார்?"

"ஆமாம்."

"அதை எங்களுக்குத் திருப்பித் தர்றேன்னு சொல்லுங்க. இந்தத் தெரு பூரா உங்களுக்குப் போடுவோம்."

சரி என்று சொல்லுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் அவர் முழங்கையை இடித்தேன். அவருக்கு இடிப்பதெல்லாம் புரிந்திருந்தால் என்றோ சூப்பர்வைசர் ஆகியிருப்பார்.

"அது முடியாதுங்க. அந்தப் பத்து நிமிஷம் உங்க மாடித் தொட்டி நிரம்பி வழிஞ்சுகிட்டு இருந்துச்சு. அங்க அதுதான் குடிக்கற தண்ணி."

சொல்லிவிட்டு எழுந்தார். தேர்தல் அங்கேயே முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, பெருமையாகவும் இருந்தது.

கடைசித் தெருவுக்குப் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் போகிறேன் என்றேன். "என் தப்பு, நானே சொல்றேன்" என்றார். இரண்டு நாளும் தெருமுனைவரை போய் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார்.

ஓட்டுப்பதிவு அன்று சாயங்காலம் கடைசித் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அத்தான் எழுந்து நின்றார்.

"என்னண்ணே, ரெண்டு மணி நேரம் வெயில்ல வரிசையில நின்னு உள்ள போனா, சீட்டுல உங்க பேரே இல்ல?"

"உங்க தெரு என் வார்டு இல்லம்மா. முந்தியே தெரியும். சொல்ல வாய் வரல. மன்னிச்சுக்குங்க. சரி, யாருக்குப் போட்டீங்க?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருக்குப் போடறது? தெருவே வெறும் சீட்டைத்தான் மடிச்சுப் போட்டுட்டு வந்திருக்கு."

"ஐயோ, அத்தனை ஓட்டையும் வீணாக்கிட்டீங்களே!" என்று அதட்ட ஆரம்பித்த அத்தானுக்குப் பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. அதற்கு முன்னால் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அக்கா உள்ளே போய், வந்தவர்கள் எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.