ஆனை எந்தப் பக்கம் பாத்தது?

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், லிபெர்த்தா வீதியில் நான் வீட்டுவேலைக்குப் போகும் கட்டடத்தின் காவலாளி ஒரு மன்னார்க்காரர். குள்ளமான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். யார் வந்தாலும் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, தான் பழப்பெட்டிப் பலகையில் செய்யும், ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரரின் பழைய வணிகக் கப்பல் மாதிரியைக் காட்டாமல் விடமாட்டார்.

அன்று கப்பல் முடிந்திருந்தது. மேல்தட்டு ஒட்டி, பாய்மரமும் நட்டாயிற்று. மறுநாள் கோயில் விழாவில் காட்சிக்கு வைக்க வேண்டும்.

"உள்ளுக்கை என்ன ஏத்தினனீங்கள், அண்ணை?"

"கறுவா, மிளகு, துணிப்பொதி. எல்லாம் இருக்கு."

"ஆனை?"

"ஆனையோ?"

"ஓம். நான் ஊர்காவற்றுறை. ஒல்லாந்தர் காலத்திலை எங்கடை துறையிலயிருந்து ஆனை ஏத்தினவையெல்லோ!"

பென்சில் கீழே விழுந்தது. "ஐயோ பிள்ளை, இதை ஏன் முந்தியே சொல்லேல்லை!" என்று குதித்தவர், நான் தடுப்பதற்குள் மேல்தட்டை நெம்பிப் பிளந்துவிட்டார்.

"அண்ணை, நாளைக்கெல்லோ விழா!"

"விழா கிடக்கட்டும். ஆனை எந்தப் பக்கம் பாத்து நிண்டது? போற பக்கமோ, ஊர்ப் பக்கமோ?"

எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு போன் எடுத்துக் கேட்டேன்; அங்கும் ஒருவருக்கும் தெரியவில்லை.

விழாவில் கப்பல் திறந்த வயிற்றோடு நின்றது. உள்ளே, எந்தப் பக்கமும் திருப்பலாம் என்று அவர் ஓர் ஆணியில் சுழல வைத்த களிமண் யானை. வந்தவர்கள் சத்தமாகச் சண்டை பிடித்து, ஆளுக்கொரு பக்கம் திருப்பினார்கள். நானும் ஊர்ப் பக்கம் திருப்பினேன்.

இப்போது கப்பல் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் காலையில் யானை வேறு பக்கம் பார்க்கிறது. யாரும் இல்லாத நேரத்தில் காவலாளி அண்ணை அதை எந்தப் பக்கம் திருப்புவார் என்பதை மட்டும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.