அத்தை போட்ட முடிச்சு

எங்கள் அத்தைக்கு ஒரு கிறுக்கு உண்டு என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். வெயில் முற்றி ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டத் தொடங்கியதும், ஆயாக் கொட்டகையில் உள்ள சின்னப் பிள்ளைகளைப் பெரிய பிள்ளைகளோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். பழைய சேலைக் கிழிசலின் ஒரு முனை சின்னதின் அரைஞாண் கயிற்றில், மறுமுனை பெரியதின் இடுப்பில். எனக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்று. அவன் மூத்திரம் போனாலும் நான் கூடப் போய் நிற்க வேண்டும். என் மானம் கப்பலேறியது அங்கேதான்.

சிம்பாங் பூலாய்க்கு அந்தப் பக்கம், சுண்ணாம்பு மலைகளுக்குக் கீழே இருந்தது எங்கள் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கதை இது. விடியும் முன்பே அப்பாவும் அம்மாவும் பால்வெட்டப் போய்விடுவார்கள். பெற்றவர்கள் திரும்பும்வரை லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளையெல்லாம் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆயா அத்தைதான். அவள் அப்பாவின் தங்கை. அதற்கு முந்தின வருஷம்தான் சிலிம் ரிவர் பக்கத்திலிருந்து ஒற்றைத் தகரப் பெட்டியோடு தனியாக வந்து சேர்ந்திருந்தாள். அந்தப் பெட்டிக்குள் ஒரு துணி முடிச்சில் குழந்தை கட்டும் வெள்ளி அரைஞாண் ஒன்று இருந்ததை நான் பார்த்துவிட்டேன். யாருடையது என்று கேட்டேன். உலையில் சோறு வெந்துவிட்டதா போய்ப் பார் என்று பெட்டியைச் சாத்தினாள். போய்ப் பார்த்தேன். அடுப்பில் உலையே இல்லை.

கட்டிப்போட்டதோடு விட்டாளா? கொட்டகைக்குப் பின்னால் ஆளுயரம் வளர்ந்து கிடந்த லாலாங் புல்லை, சுற்றிலும் ஈரச் சாக்கோடு நாலு பேரை நிறுத்தித் தானே கொளுத்தினாள். தீ வந்துவிடும் என்று சொல்லித் தீ வைக்கிறவளை நான் இங்கேதான் பார்க்கிறேன் என்று கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கரிக்காட்டில்தான் எங்கள் விளையாட்டு. அத்தை மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டுவாள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, ஜோடி ஜோடியாக ஓடிவந்து கரி நடுவில் நிற்க வேண்டும். மறுபடி அவள் சொல்லும்வரை அசையக் கூடாது.

"அம்மாவப் பாத்தாலும் ஓடப்படாது. அம்மாதான் நம்மகிட்ட வரணும்," என்பாள்.

பெற்றவளிடம் போகாதே என்று சொல்லிக்கொடுக்க இவள் யார் என்று என் அம்மாவுக்கு உள்ளூரக் கோபம். கரிப்பிடித்த எங்கள் கால்களைத் தேய்க்கும்போது அந்தக் கோபமெல்லாம் எங்கள் தோலில் இறங்கும்.

எனக்கோ வேறு குடைச்சல். தீ ஏன் கரிக்காட்டுக்கு வராது? அத்தையைப் பிடுங்கி எடுத்தேன்.

"தின்ன எலையில யாராச்சும் மறுபடி சோறு போட்டுத் திம்பாங்களா?" என்றாள்.

நான் அவ்வளவு லேசில் நம்புகிறவள் இல்லை. சிரட்டையில் அடுப்புக் கங்கு ஒன்றை எடுத்துப் போய்க் கரியில் போட்டேன். சும்மா கிடந்து அணைந்தது. இன்னொன்றை ஓரத்துச் சருகில் போட்டேன், குப்பென்று பிடித்துக்கொண்டது. அத்தை ஓடிவந்து மிதித்து அணைத்துவிட்டு என் முதுகில் இரண்டு வைத்தாள். வலித்தாலும் எனக்குப் பெரிய சந்தோஷம். அத்தை சொன்னது நிஜம்தான்.

அப்படி எல்லாம் சோதித்துப் பார்த்த நான்தான், ஒருநாள் முற்பகலில் ஐந்தாங்கல் ஆடத் தோதாக இல்லை என்று தம்பியின் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். சற்று நேரத்தில் தகரம் ஒலித்தது. வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே ஓடினோம். தம்பி கையைப் பிடித்திருந்தேன். கரிக்காட்டில் போய் நின்ற பிறகுதான் புகை கண்ணில் பட்டது. எல்லைப்புற லாலாங்கில் பிடித்த தீ சருகு வழியாக மரங்களுக்கடியில் ஊர்ந்து வந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெட்டுக்காட்டில் பால்வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கூவிக்கொண்டு இறங்கினார்கள். நடுவே அம்மாவின் சிவப்புத் தலைத்துணி.

தம்பியும் பார்த்துவிட்டான். கையை உதறிக்கொண்டு நேரே அதை நோக்கி ஓடினான். நான் துணியை இழுத்தேன். வெறும் முனைதான் வந்தது. அத்தை தகரத்தை வீசிவிட்டு அவன் பின்னால் புகைக்குள் போனாள். போனவள் வரவில்லை. இரு பக்கமும் புல் படபடவென்று வெடித்தது. கரியின் ஓரம்வரை வந்த தீ அதற்குமேல் வராமல் சுற்றிக்கொண்டு போனது. அந்த அதிசயத்தைப் பார்க்கக்கூட எனக்கு மனமில்லை.

ஓடையைச் சுற்றிக்கொண்டு அம்மாதான் முதலில் வந்தாள்.

"தம்பி எங்கடி?"

இடுப்பில் தொங்கிய துணியைக் காட்டினேன். அம்மா அந்த வெறும் முனையையே பார்த்தாள். அவள் முகம் போன போக்கை இத்தனை வயதிலும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்போதுதான் அத்தை வந்தாள். முன்மயிர் பொசுங்கி, சேலைத் தலைப்பு கருகி, அக்குளில் தம்பியை இடுக்கியபடி. அரைஞாணைப் பிடித்து இழுத்ததில் அது அறுந்துபோயிருந்தது. மற்றபடி அவனுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு இன்றைக்குத் தோல் உரியும் என்று காத்திருந்தேன். அத்தை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏன்டா ஓடுன?" என்று அவனைக் கேட்டாள்.

"அம்மா அங்க இருந்துச்சு."

அதற்குப் போய் அத்தை கரியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இருந்ததே இரண்டு சேலை, ஒன்று கருகிவிட்டதே என்று அழுகிறாள் என்று நினைத்தேன். அம்மா அவள் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அம்மா அவளைத் தொட்டு அன்றுதான் பார்த்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில், பிள்ளை வெற்றிடுப்போடு கிடக்கக் கூடாது என்று அத்தை தன் பெட்டியைத் திறந்தாள். அந்த வெள்ளி அரைஞாணைத் தம்பிக்குக் கட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. சொன்னபடி நின்றவளுக்கு ஒன்றுமில்லை, ஓடினவனுக்கு வெள்ளியா? முடிச்சை அவிழ்த்தது யார் என்பது அதற்குள் எனக்கு மறந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினேன். அம்மா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அது அத்தையோட மகளோடது. நல்லநாளுக்கு மட்டும் போடுறது. சிலிம் ரிவர்ல தீப் புடிச்சப்ப அந்தப் புள்ளையும் இப்படித்தான், அம்மாகிட்ட ஓடிருச்சு," என்றாள் மெல்ல.

எனக்கு விளங்கவில்லை. அம்மாவிடம்தானே ஓடினாள், வேறு எங்கேயும் இல்லையே. அத்தையோ இங்கே அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் அந்தப் பிள்ளை ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். நான் அவள் கையை விலக்கிவிட்டு, அத்தைக்கும் கேட்கட்டும் என்று இன்னும் உரக்கக் கேட்டேன்.